எழுதியதை மீண்டும் எழுதிய பங்கிம்சந்திரர்

நாவல் ஒன்றை எழுதி முடிப்பது ஒரு வேலை. முடித்ததைச் சில காலம் கழித்து எடுத்துப் படிப்பது முற்றிலும் வேறொரு வேலை. எழுதும்பொழுது ஆசிரியர் தம் கற்பனையோடு தனித்திருக்கிறார். படிக்கும்பொழுதோ, அந்நியர் ஒருவர் எழுதியதைப் பார்ப்பதுபோல் தம் எழுத்தையே பார்க்கவேண்டியவராகிறார். எழுதிய இரவில் கண்ணீர் பெருக்கிய இடம் ஆறு மாதம் சென்றபின் நகைப்புக்கு இடமாகிறது. பெருமையோடு செதுக்கிய உவமை உப்புச் சப்பின்றிக் கிடக்கிறது. எதற்கும் உதவாது என்று எண்ணி விட்டுவைத்த ஒரு சிறு உரையாடலோ உயிரோடு எழுந்து நிற்கிறது. கூச்சம், சினம், எதிர்பாராத மகிழ்ச்சி எல்லாம் கலந்ததோர் உணர்ச்சி அது. பேனாப் பிடித்த எவருக்கும் இது புதியதன்று.

பெரும்பாலான ஆசிரியர்கள் இந்தப் போராட்டத்தைக் கையெழுத்துப் பிரதியோடு முடித்துக்கொள்வார்கள். அடித்தலும் திருத்தலும் அறைக்குள்ளேயே நடந்துவிடும்; வாசகரிடம் வருவது சுத்தப் பிரதி மட்டுமே. அச்சான நூலையே கையெழுத்துப் பிரதியாகக் கருதி, பதிப்புக்குப் பதிப்பு அதை அடித்துத் திருத்தி, சில வேளைகளில் முன்னுரையில் காரணமும் கூறி, ஊரறியப் போராடியவர்கள் மிகச் சிலர். அவர்களுள் முதன்மையானவர் என்று நாம் கருதுவது வங்காள நாவலின் தந்தையாகிய பங்கிம்சந்திர சட்டோபாத்தியாயரை.

கொல்கத்தாவில் வாழும் நம்மவர்களுக்கு அவருடைய ஊர் தொலைவன்று. சியால்தா நிலையத்தில் ரயிலேறினால் வடக்கே சுமார் 40 கிலோமீட்டரில் நைஹாட்டி வந்துவிடும். அதை அடுத்த காண்டால்பாடா என்பதே அவர் பிறந்த இடம். வங்காளியில் காண்டால் என்றால் பலா. 1838-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அவர் பிறந்த அந்த வீடு இன்று அருங்காட்சியகமாகவும் ஆராய்ச்சி நிலையமாகவும் விளங்குகிறது. 1858-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் முதன்முதலாக பி.ஏ. பட்டம் வழங்கியபொழுது தேறியவர் இருவர். அவர்களில் ஒருவர் பங்கிம்சந்திரர். அதே ஆண்டில் டெபுடி மாஜிஸ்டிரேட் பதவியில் அமர்ந்து, 1891 வரை ஊர் ஊராக மாற்றல் பெற்று உழைத்தார். நாவல் எழுதியதெல்லாம் கச்சேரி வேலை போக எஞ்சிய நேரத்தில்தான்.

அவருடைய முதல் நாவல் வங்காளியில் எழுதப்பட்டதன்று. 'ராஜ்மோகனின் மனைவி' என்ற பொருளுடைய ஆங்கில நாவல் 1864-இல் ஒரு வார இதழில் தொடர்ந்து வந்தது. அவர் வாழ்நாளில் அது நூலாகவே வரவில்லை. தம் முதற் படைப்பை மீண்டும் எடுத்துப் பார்த்த பங்கிம்சந்திரர் அதைத் திருத்த முற்படாமல், வங்காளியில் புதிதாக எழுதத் தொடங்கிச் சில அத்தியாயங்களோடு நிறுத்திவிட்டார். பிறர் மொழியில் எழுதிய தம் எழுத்து அவருக்கே அந்நியமாகத் தோன்றியிருக்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1935-இல் ஆராய்ச்சியாளர் பிரஜேந்திரநாத் பந்தோபாத்தியாயர் அந்த ஆங்கில நாவலைத் தேடியெடுத்து நூலாக வெளியிட்டபொழுது முதல் மூன்று அத்தியாயங்கள் கிடைக்கவில்லை. ஆசிரியர் பாதியில் விட்ட வங்காளிப் பிரதியிலிருந்தே அவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்துச் சேர்க்க நேர்ந்தது. கைவிட்ட திருத்தம் மூல நூலின் ஓட்டையை அடைத்தது.

1865-இல் வெளிவந்த 'துர்க்கேசநந்தினி'யே அவருக்குப் புகழ் தந்தது. அச்சேறுமுன் அதன் கையெழுத்துப் பிரதியைக் காண்டால்பாடா வீட்டில் கூடியிருந்தோர்க்குப் படித்துக் காட்டினார் என்று அவருடைய தம்பி பூரணசந்திரர் தம் நினைவுகளில் எழுதியிருக்கிறார். கேட்டவர்களில் அருகிலுள்ள பாட்பாடாவின் சமஸ்கிருத பண்டிதர்களும் இருந்தனர். பங்கிம்சந்திரருடைய அச்சமெல்லாம் மொழியைப் பற்றியது. பண்டிதர் நடையும் பேச்சு நடையும் இருவேறு கரைகளாக நின்ற காலத்தில், இரண்டையும் கலந்து எழுதியிருந்தார். இலக்கணப் பிழைகள் தென்பட்டனவா என்று படித்து முடித்ததும் அவர் கேட்டாராம். கதையில் மயங்கியிருந்ததால் அதைக் கவனிக்கவே இல்லை என்றார் ஒரு பண்டிதர். கவனித்தேன், ஆனால் பிழையுள்ள இடங்களில்தான் மொழி மேலும் இனித்தது என்றார் மற்றொருவர். இந்நாவல் அவர் வாழ்நாளில் 13 பதிப்புகள் கண்டது. கதையின் உருவத்தை அவர் பெரிதாக மாற்றவில்லை.

பெருந்திருத்தங்களுக்கு வித்திட்டது 1872-இல் அவர் தொடங்கிய 'வங்கதரிசனம்' என்ற மாத இதழ். அப்பொழுது அவர் பஹரம்பூரில் உத்தியோகத்தில் இருந்தார். பத்திரிகையின் பெரும்பகுதியை அவரே நிரப்பவேண்டியிருந்தது. நாவல், கட்டுரை, விமரிசனம், நையாண்டி எல்லாம் மாதந்தோறும் அச்சுக்கூடத்துக்குப் போயாக வேண்டும். வங்காளத்து வீடுகளில் அவ்விதழை எதிர்பார்த்திருந்த ஆவலை ரவீந்திரநாத தாகூர் தம் இளமை நினைவுகளில் சுவையாகக் கூறியுள்ளார்: ஒரு மாதம் காத்திருப்பது ஒரு துன்பம், வந்தபின் பெரியவர்கள் படித்து முடிக்கும்வரை காத்திருப்பது அதனினும் துன்பமாம். வாசகருக்கு இன்பம் தந்த இந்த ஏற்பாடு எழுதியவருக்கு என்ன செய்தது என்பதே நம் கேள்வி. முதல் அத்தியாயம் அச்சாகி ஊரெங்கும் பரவிவிட்டபின் பத்தாம் அத்தியாயத்தில் கதை வேறு வழி திரும்பினால், முதல் அத்தியாயத்தை எப்படித் திருத்துவது? நூற்பதிப்பு ஒன்றே வழி. அவ்வகையில் 'வங்கதரிசன'த்தின் பக்கங்களே பங்கிம்சந்திரரின் முதற் பிரதி என்று நாம் கூறினால் மிகையாகாது.

அவசரத்துக்கு அவர் எப்பொழுதும் பணிந்துவிட்டவரும் அல்லர். இதழில் ஒரு பக்கம் குறைகிறது என்று அச்சுப்பணியைக் கவனித்த பண்டிதர் ஒரு நாள் வந்து நின்றாராம். மேசைமேல் கிடந்த தாளில் ஒரு பாட்டு இருந்தது. இதைப் போட்டுவிடலாமே, மோசமில்லை என்றார் பண்டிதர். பங்கிம்சந்திரர் அந்தத் தாளை எடுத்து மேசையறைக்குள் வைத்துவிட்டார். அது நல்லதா கெட்டதா என்பது இப்பொழுது விளங்காது, காலம் சென்றபின் விளங்கும் என்னும் கருத்துப்பட விடையளித்தார். இதுவும் பூரணசந்திரர் தரும் செய்தி. அந்தப் பாட்டு 'வந்தே மாதரம்'. 1870-களின் நடுவில் எழுதப்பெற்று, சில ஆண்டுகள் உறங்கி, 'ஆனந்த மடம்' நாவலுக்குள் அது இடம்பெற்றது. அதைத் தமிழாக்கிய நம் பாரதியாரும் ஒருமுறையோடு நிற்கவில்லை, இருமுறை பெயர்த்தார். அவ்விரண்டு பெயர்ப்புகளும் அவருடைய கவிதைத் தொகுப்புகளில் இன்றும் அடுத்தடுத்து அச்சாகின்றன.

நிற்க. 1885-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் 'பிரசார்' என்ற இதழில், வங்காளத்தின் புதிய எழுத்தாளர்களுக்கு விண்ணப்பமாகப் பங்கிம்சந்திரர் ஒரு சிறு கட்டுரை எழுதினார். நாவலாசிரியர் ஒருவர் தம் எழுத்தைத் தாமே படிக்கும்பொழுது அடையும் உணர்ச்சியை இவ்வளவு நேராகக் கூறிய பக்கங்கள் நம் நாட்டில் குறைவு. எழுதியதை உடனே அச்சுக்குக் கொடுக்காதீர்கள், சிறிது காலம் போட்டுவைத்துப் பின்பு எடுத்துப் பாருங்கள், குற்றங்கள் தாமே தெரியும் என்கிறார். காவியம், நாடகம், நாவல் ஆகியவற்றை ஓரிரண்டு ஆண்டுகள்கூட உறங்கவைக்கலாம் என்பது அவர் யோசனை. உடனே ஓர் உண்மையையும் ஒப்புக்கொள்கிறார். பத்திரிகைக்கு எழுதுவோரால் இந்த விதியைக் காக்க முடியாது. ஆதலால் பத்திரிகை எழுத்து எழுதுபவனைக் கீழே இறக்கிவிடும் என்கிறார். வங்காளத்தின் தலைசிறந்த மாத இதழை நான்கு ஆண்டுகள் நடத்திய ஆசிரியரின் தீர்ப்பு இது! தம் அனுபவத்தையே அவர் எடைபோட்டிருக்கிறார் என்பதில் நமக்கு ஐயமில்லை.

அதே கட்டுரையில் மற்றோர் அறிவுரையும் உண்டு. அணியோ நகைச்சுவையோ மிக அழகாய் வந்துவிட்டது என்று தோன்றும் இடத்தை வெட்டிவிடு என்பது பழைய விதி. பங்கிம்சந்திரர் அவ்வளவு கடுமை காட்டவில்லை. அந்த இடத்தை நண்பர்களுக்கு மீண்டும் மீண்டும் படித்துக் காட்டச் சொல்கிறார். நன்றாக இல்லையென்றால் இரண்டு நான்கு முறைக்குள் படிப்பவனுக்கே வெட்கம் வந்துவிடும். அப்பொழுது வெட்டினால் போதும். குற்றத்தைக் கண்டுபிடிக்க இலக்கண நூலையும் விமரிசகரையும் விட்டுவிட்டு, எழுதியவனின் வெட்கத்தையே உரைகல்லாகக் கொண்டது எவ்வளவு நுட்பம்! காண்டால்பாடா வீட்டில் பண்டிதர்களுக்கு முன் கையெழுத்துப் பிரதியைப் படித்த அந்த இளைஞர் இங்கே நமக்குத் தெரிகிறார்.

அவர் செய்த திருத்தங்களில் நம் மனத்தை மிகவும் தொடுவது 'கிருஷ்ணகாந்தன் உயில்' நாவலின் முடிவு. இந்நாவல் 1875-ஐ ஒட்டி 'வங்கதரிசன'த்தில் தொடங்கியது. 1876-இல் இதழ் நின்றபொழுது கதையும் நடுவழியில் நின்றது. அண்ணன் சஞ்சீவசந்திரர் 1877-இல் இதழை உயிர்ப்பித்தபின் தொடர்ந்து, 1878-இல் நூலாயிற்று. கோவிந்தலால் என்ற ஜமீன் வீட்டு இளைஞன். அவன் மனைவி பிரமர். ரோகிணி என்ற இளம் விதவை. உயில் திருட்டில் சிக்கிய ரோகிணியிடம் இரக்கம் கொண்ட கோவிந்தலால், அந்த இரக்கத்தின் வழியே மோகத்தில் விழுந்து, மனைவியைத் துறந்து அவளுடன் போகிறான். பின்பு அவள் பிறனொருவனை நாடியதைக் கண்டு சுட்டுக் கொல்கிறான். பிரமர் கணவனை மன்னிக்க இயலாமல் நோயுற்று இறக்கிறாள். முதலில் எழுதியபடி, பிரமர் இறந்தபின் கோவிந்தலால் வாருணிக் குளத்தில் மூழ்கி உயிர் துறக்கிறான். கதை அங்கே முடிகிறது.

பின்வந்த பதிப்பில் பங்கிம்சந்திரர் அவனைச் சாகவிடவில்லை. ஊரைவிட்டு மறைந்து, பல ஆண்டுகள் கழித்துச் சந்நியாசியாகத் திரும்பி வருகிறான். வந்து, சில சொற்கள் பேசி, மறுபடியும் மறைகிறான். இது முன்னதைக் காட்டிலும் மேலான முடிவா? நம் கருத்து இருபுறமும் ஊசலாடுகிறது. குளத்தில் மூழ்கும் முடிவில் நாடகத்தின் வேகம் இருந்தது. ஆயினும் சாவு கோவிந்தலாலுக்கு எளிதில் கிடைத்த விடுதலையாகிவிடுகிறது. உயிரோடிருந்து தான் செய்ததை ஒவ்வொரு நாளும் எண்ணுவதே அவனுக்குரிய தண்டனை என்று வயது முதிர்ந்த ஆசிரியருக்குத் தோன்றியிருக்கலாம். மறுபக்கத்தில், காவியுடையால் பாவத்தைத் துடைத்துவிட முயல்கிறார் என்று குறைகூறுவோர்க்கும் இடம் உண்டு. நாற்பது வயதில் எழுதிய கதையை ஐம்பது கடந்தபின் படிப்பவர், அதே கதையைப் படிப்பதில்லை என்பது மட்டும் தெளிவு.

ரோகிணியின் சாவை அவர் மாற்றவில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். அவள் குணத்தைத் தீட்டியதில் சில கோடுகளை மாற்றினார். துப்பாக்கிக் குண்டை மாற்றவில்லை. அடுத்த தலைமுறையின் பெரிய நாவலாசிரியரான சரத்சந்திரர், ரோகிணியை இவ்வாறு முடித்தது கலைக்கு அடுத்ததன்று, ஒழுக்கப் போதனைக்கு அவள் பலியானாள் என்னும் கருத்தை வெளிப்படையாகவே கூறினார். ஆணுக்கு மனந்திருந்தக் காலம் கொடுத்த ஆசிரியர் பெண்ணுக்குக் கொடுக்கவில்லை. நாமும் சரத்சந்திரர் பக்கமே சாய்கிறோம்.

'ஆனந்த மட'த்தின் திருத்தங்கள் வேறு வகை. அங்கே கலையோடு அரசியலும் வரலாறும் வந்து கலக்கின்றன. 1770-ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சத்தையும் அதையொட்டிய சந்நியாசிகளின் கிளர்ச்சியையும் பின்னணியாகக் கொண்ட இந்நாவல் 1881 முதல் 1882 வரை 'வங்கதரிசன'த்தில் வந்து, 1882 இறுதியில் நூலாயிற்று. ஆசிரியர் வாழ்நாளில் ஐந்து பதிப்புகள். ஒன்றுபோல் ஒன்று இல்லை. பத்திரிகையில் ஆங்கிலேயரைச் சுட்டி எழுதிய சில இடங்களில், நூலில் முஸ்லிம்களைக் குறிக்கும் சொற்கள் புகுந்தன. ஆங்கிலேயர்மீது விழுந்த கடுஞ்சொற்கள் சில இடங்களில் தணிந்தன. எழுதியவர் அன்று ஆங்கில அரசின் ஊழியர் என்பதை மறக்கலாகாது. பிற்கால ஆராய்ச்சியாளர் பலர் இதை உத்தியோகஸ்தரின் எச்சரிக்கை என்று கருதுகின்றனர். அவருடைய வரலாற்றை 1984-இல் எழுதிய சிசிர்குமார் தாஸ் தம் நூலுக்குத் 'தளையிட்ட கலைஞன்' என்னும் பொருளுடைய ஆங்கிலத் தலைப்பையே இட்டார். அந்தச் சொல்மாற்றங்கள் அந்நாவலைப் பற்றிய மனக்கசப்பைப் பின்னாளில் மேலும் வளர்த்தன. எழுத்தாளன் தன் பிரதியில் ஒரு சொல்லை அடித்து வேறொன்றை வைக்கும்பொழுது, அது அவன் மேசையோடு நின்றுவிடுவதில்லை.

வரலாற்றுப் பிழையை அவர் எதிர்கொண்ட விதம் சுவையானது. சந்நியாசிகளின் போர்கள் உண்மையில் நிகழ்ந்தது வட வங்காளத்தில். அவர்களோடு பொருது மாண்ட ஆங்கிலப் படைத்தலைவர்கள் தாமஸ், எட்வர்ட்ஸ் என்போர். நாவலிலோ களம் வீரபூம். எட்வர்ட்ஸ் இருக்கவேண்டிய இடத்தில் வேறொரு பெயர். மூன்றாம் பதிப்பின் முன்னுரையில் இவ்வேறுபாடுகளை அவரே எடுத்துக்காட்டி, வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்துக் கடிதங்களிலிருந்து பகுதிகளைப் பின்னிணைப்பாகத் தந்தார். அதேவேளையில், இது பெருங்குற்றமன்று, நாவல் வேறு வரலாறு வேறு என்று சமாதானமும் சொன்னார். சொன்னவர் சும்மா இருந்தாரா? இல்லை. பிற்பதிப்பில் களத்தை வடக்கே நகர்த்தினார். எட்வர்ட்ஸின் பெயரையும் சேர்த்தார். குற்றமன்று என்று வாதாடிய இடத்தையே அவர் மனம் விடாமல் அரித்துக்கொண்டிருந்தது போலும். தம் பிரதியைத் திருப்பிப் படிப்பவர்கள் எல்லாரும் இந்த அரிப்பை அறிவார்கள்.

1891-இல் ஓய்வு பெற்றார். நீரிழிவு நோய் வாட்டிக்கொண்டிருந்தது. எஞ்சிய இரண்டரை ஆண்டுகளில் புதிய நாவல் ஒன்றும் எழுதவில்லை; பழையவற்றைத் திருத்தினார். 'இந்திரா' முதலில் சிறுகதையளவே இருந்தது. 1893-இல் முழு நாவலாக வளர்த்து, ஏன் பெரிதாயிற்று என்பதற்கு இந்திராவே வாதாடுவதுபோல் வேடிக்கையான முன்னுரை ஒன்றையும் எழுதினார். அதே ஆண்டில் 'ராஜசிம்மன்' நான்காம் பதிப்பு வந்தது. மேவாரின் ராஜசிம்மனுக்கும் ஒளரங்கசீப்புக்கும் நடந்த போரைக் கூறும் கதை அது. 1882-இல் 83 பக்கமாக இருந்த நூல் இப்பொழுது 434 பக்கமாயிற்று! இதைத் திருத்தம் என்பதைவிட மறுபடைப்பு என்பதே பொருந்தும். இதுவே தாம் எழுதிய முதல் வரலாற்று நாவல், 'துர்க்கேசநந்தினி' முதலியவற்றை அவ்வாறு சொல்லக்கூடாது என்று அதன் முன்னுரையில் அறிவித்தார். வரலாற்று நாவலாசிரியர் என்று ஊரே கொண்டாடிய ஒருவர், ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப்பின், அந்தப் பெயருக்கு இப்பொழுதுதான் உரியவனானேன் என்று கூறுகிறார்.

தாகூர் இவ்விஷயத்தில் வேறு இயல்பினர். 'கோரா' நாவல் 1910-இல் நூலானபொழுது பத்திரிகையில் வந்தவற்றுள் பல பகுதிகள் நீக்கப்பட்டன. அவற்றுட் சில பின்னர் மீண்டும் இடம்பெற்றன. ஆனால் தம் இளமை எழுத்துகளைத் திருத்துவதைவிட மறைத்துவிடவே அவர் விரும்பினார். 1939-இல் அவருடைய நூல்தொகுதி வெளிவரத் தொடங்கியபொழுது, ஆரம்பகாலப் படைப்புகள் பலவற்றைச் சேர்க்க அவருக்கு மனமில்லை. பதிப்பாளர்களோ விடவில்லை, அவற்றை வழக்கொழிந்தவை என்ற பொருள்படும் தலைப்பில் 1940, 1941 ஆண்டுகளில் இரு தனித் தொகுதிகளாக வெளியிட்டனர். தம் முதல் நாவலாகிய 'பௌதாகுராணீர் ஹாட்' பற்றி அவர் முதுமையில் எழுதிய முன்னுரையில், அது முதிராத எழுத்து என்பதை ஒப்புக்கொண்டு, அதில் சிறிதளவேனும் உயிர் இருந்ததற்குச் சான்றாக ஒன்றைக் குறிப்பிடுகிறார். அந்நூல் 1883-இல் வெளிவந்தபின், கேளாமலே பாராட்டி ஆங்கிலத்தில் எழுதிய கடிதம் ஒன்று அவருக்கு வந்ததாம். எழுதியவர் பங்கிம்சந்திரர். நண்பர் ஒருவரின் கவனக்குறைவால் அக்கடிதம் காணாமற் போயிற்று.

பங்கிம்சந்திரர் 1894-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் தேதி காலமானார். 'சீதாராம்' நாவலைச் சுருக்கித் திருத்திய மூன்றாம் பதிப்பு அவர் மறைவுக்குப் பின்னரே கடைக்கு வந்தது. 1938-இல் அவருடைய நூற்றாண்டையொட்டி, வங்கீய சாகித்திய பரிஷத்துக்காகப் பிரஜேந்திரநாதரும் சஜனிகாந்த தாஸும் எல்லா நூல்களையும் புதிதாகப் பதிப்பிக்கத் தொடங்கினர். ஆசிரியர் இறுதியாகத் திருத்திய வடிவத்தை முன்னே வைத்து, அவர் மாற்றியவற்றையும் நீக்கியவற்றையும் நூலின் பின்னே பாடபேதங்களாகத் தொகுத்தார்கள். கொல்கத்தாவில் வங்காளி படிக்கப் பழகிக்கொண்ட நம்மவர்கள் அந்தப் பதிப்பை நூலகங்களில் கேட்டுப் பார்க்கலாம். 'கிருஷ்ணகாந்தன் உயில்' நூலின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினால், வாருணிக் குளத்தில் கோவிந்தலால் மூழ்கும் முடிவு சிறிய எழுத்தில் அங்கே அச்சாகியிருக்கக் காணலாம்.